கடலைக் கடனும் வைக்கோல் போரும்

ஆவாரங்குளத்தின் கிழக்குக் கரையில் அணில்கள் வாழ்ந்தன. மேற்குக் கரையில் ஒரு பெரிய பாறைக்கடியில் வளை தோண்டி முள்ளம்பன்றிகள் வாழ்ந்தன. இரண்டு கூட்டத்துக்கும் பெரிய நட்பும் இல்லை, பெரிய பகையும் இல்லை. தண்ணீர் குடிக்க வரும்போது எதிரே பார்த்தால், "என்ன, சௌக்கியமா?" என்று கேட்டுக்கொள்ளும். அவ்வளவுதான்.

அணில்கள் வசதியானவை. கரையோரத்துப் புளியந்தோப்பு முழுக்க அவற்றுடையது. தோப்பின் முனையில் ஒரு பெரிய வைக்கோல் போர் இருந்தது. அதைப் போட்ட விவசாயி மாடுகளை விற்றுவிட்டு ஊரைவிட்டே போய்விட்டதால், அந்தப் போரைத் தேடி யாரும் வரவில்லை. அணில்கள் சும்மா விடுமா? உள்ளே குடைந்து குடைந்து கூடு கட்டிக்கொண்டன. தோப்புக்குப் பின்னால் இருந்த கடலைக்காட்டில் மேலாகக் கிடந்த நிலக்கடலையை எல்லாம் பொறுக்கி வந்து அதில் நிரப்பின. எவ்வளவு மழை பெய்தாலும் உள்ளே ஒரு சொட்டு இறங்காது.

முள்ளம்பன்றிகளிடம் சேமிப்பு என்று ஒன்றும் கிடையாது. அன்றன்றைக்குத் தோண்டும், அன்றன்றைக்குத் தின்னும். ஆனால் ஒவ்வொன்றின் முதுகிலும் சாண் நீளத்துக்கு முள் இருந்தது. அதைச் சிலிர்த்துக்கொண்டு நின்றால், சிறுத்தைகூட வேறு அவசர வேலை இருப்பதுபோல் திரும்பிப் போய்விடும்.

இப்படி இருக்கையில், மலைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு செந்நாய்க் கூட்டம் இறங்கி வந்தது.

"இந்தக் குளம் இனிமேல் எங்களுடையது! தோப்பும் எங்களுடையது! எவனாவது தண்ணீர் பக்கம் வந்தால் கடித்துக் குதறிவிடுவோம்!" என்று அது குரைத்தது.

அணில்கள் பயந்து புளியமரத்தின் உச்சிக்கு ஏறிக்கொண்டன. தலைவர் வாலாயுதம் உடனே கூட்டத்தைக் கூட்டியது. வாலாயுதம் பெரிய உடம்புக்கார அணில். பேசுவதற்கு முன்னால் வாலை மூன்று முறை உதறும். பேசி முடித்த பிறகும் உதறும். இடையில் சொல்வது என்னவோ எல்லோருக்கும் தெரிந்ததாகத்தான் இருக்கும்.

"நமக்கு ஆபத்து வந்திருக்கிறது!" என்றது வாலாயுதம்.

"அது எங்களுக்கும் தெரியும் தலைவரே! என்ன செய்யறதுன்னு சொல்லுங்க!" என்றது வரியன்.

வரியன் வாய் பேசும் அணில். பேசியே கல்லைக் கரைத்துவிடும். அதனால் எந்தத் தூதாக இருந்தாலும் அதைத்தான் அனுப்புவார்கள். இந்த முறையும் அதையே முள்ளம்பன்றிகளிடம் அனுப்பினார்கள். கூடவே தலைவரும் போனது.

முள்ளம்பன்றிகளின் தலைவி முள்ளாயி. பாறைக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு கிழங்கைக் கடித்துக்கொண்டிருந்தது.

"அக்கா, செந்நாய் உங்களுக்கும் எதிரி, எங்களுக்கும் எதிரி. சேர்ந்து நிப்போம்! நீங்க முன்னால நில்லுங்க. நாங்க பின்னால நிக்கிறோம்!" என்றது வரியன்.

"பின்னால நிக்கிறதுக்கு ரொம்ப தைரியம் வேணும் தம்பி!" என்று சிரித்தது முள்ளாயி. "சரி, நிக்கிறோம். ஆனா ராவும் பகலும் காவல் நின்னா, நாங்க எப்போ தோண்டுறது, எப்போ தின்கிறது?"

"கடலை நாங்க தர்றோம்! கடனா வாங்கிக்குங்க!"

வாலாயுதம் வரியனைத் தனியாக இழுத்துப் போனது. "இவங்க வீட்ல நாளைக்குன்னு ஒரு கிழங்குகூட இல்லை. குடுத்தா திரும்பி வருமா?" என்று காதைக் கடித்தது.

"வரும் தலைவரே! நான் பொறுப்பு! வரலைன்னா என் பங்குக் கடலையை எடுத்துக்குங்க!" என்று வரியன் மார்பைத் தட்டியது. தட்டுகிற நேரத்தில் யாருக்கும் பின்னால் வருவது தெரிவதில்லை.

வாலாயுதம் முள்ளாயியிடம் திரும்பி வந்து வாலை உதறியது. "நூறு கொட்டாங்குச்சி நிறையக் கடலை தருகிறோம். எப்போது திருப்பித் தருவீர்கள்?"

"போர் முடிஞ்சதும் தர்றோம்!" என்றது முள்ளாயி.

எல்லோரும் தலையாட்டினார்கள். போர் என்றால் சண்டை என்றுதான் அணில்கள் நினைத்தன. அன்றைக்கு முள்ளாயியும் அப்படி நினைத்துத்தான் சொன்னது. இதில் யார் மேலும் சந்தேகம் வேண்டாம்.

சண்டை நடந்தது. என்ன சண்டை! முள்ளம்பன்றிகள் கரை முழுக்க வரிசையாக, முதுகைக் காட்டி நின்றன. பாய்ந்த செந்நாய் ஒவ்வொன்றும் மூக்கில் முள்ளோடு திரும்பியது. மூக்கில் முள் இருந்தால் குரைக்க முடியாது, குரைக்க முடியாத நாய்க்குக் கோபம் இன்னும் வரும், மறுபடியும் பாயும், மறுபடியும் முள் ஏறும். புளியமரத்தின் உச்சியில் இருந்துகொண்டு அணில்கள், "விடாதே! குத்து! இடது பக்கம்!" என்று கத்தின. அந்தக் கத்தும் வேலையில் அவை ஒரு குறையும் வைக்கவில்லை. கடலையும் வேளாவேளைக்கு வந்துகொண்டிருந்தது. அதையும் மறைக்கக் கூடாது. அந்தக் கடலை இல்லையென்றால் முள்ளம்பன்றிகள் பசியில் மூன்றாம் நாளே படுத்திருக்கும்.

கடைசியில் செந்நாய்கள் மூக்கைத் தேய்த்துக்கொண்டு மலைக்குத் திரும்பி ஓடின.

குளக்கரையில் பெரிய விருந்து. வாலாயுதம் எழுந்து, "நம்முடைய நட்பு இந்தக் குளம் உள்ளவரை இருக்கும்! நமக்குள் உன்னது என்னது என்று ஒன்றுமில்லை!" என்று பேசியது. முள்ளம்பன்றிகள் கண் கலங்கின. அணில்கள் கைதட்டின.

மறுநாள் காலையில் வாலாயுதம் வரியனைக் கூப்பிட்டு, "அந்த நூறு கொட்டாங்குச்சி என்ன ஆச்சு?" என்று கேட்டது.

வரியன் குளத்தைச் சுற்றிக்கொண்டு மேற்குக் கரைக்குப் போனது.

அங்கே கண்ட காட்சியில் அதற்கு முதலில் சிரிப்புதான் வந்தது. முள்ளம்பன்றிகள் எல்லாம் மொட்டை முதுகோடு வெயில் காய்ந்துகொண்டிருந்தன. இங்கே ஒரு முள், அங்கே ஒரு முள். சடையன் என்ற பெரிய முள்ளம்பன்றிக்கு அதுவும் இல்லை. தோல் உரித்த பனங்கிழங்கு மாதிரி இருந்தது. பாவம்.

"வா தம்பி! உட்காரு!" என்றது முள்ளாயி.

"உட்கார நேரமில்லை அக்கா. தலைவர் அனுப்பினார். அந்தக் கடலை விஷயம்..."

முள்ளாயியின் முகம் மாறியது. வளைக்குள் ஒரு கடலைகூட இல்லை. வெயிலில் மண் இறுகிப்போய், தோண்டினால் அன்றைய வயிற்றுக்கே போதவில்லை. அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் விருந்தில் மாலை போட்டுக்கொண்ட மறுநாளே, "எங்களிடம் ஒன்றுமில்லை" என்று ஓர் அணிலிடம் சொல்ல அதற்கு நாக்கு வரவில்லை.

"கடலையா? நீங்க கடலை குடுத்தீங்க. நாங்க முதுகையே குடுத்திருக்கோம்! சடையனைப் பாரு! அவன் முள்ளு எத்தனை கொட்டாங்குச்சி பெறும்னு உங்க தலைவரைக் கேட்டுச் சொல்லு!"

"முள்ளு திரும்ப முளைச்சிரும் அக்கா! தின்ன கடலை முளைக்குமா?"

"முளைக்கிற வரைக்கும் குளிருமே, அதுக்கு யாரு பொறுப்பு?"

"அதெல்லாம் பேச்சுல இல்லையே! போர் முடிஞ்சதும் தர்றோம்னுதானே சொன்னீங்க?"

அப்போதுதான் முள்ளாயியின் கண் குளத்துக்கு அந்தப் பக்கம் போனது. அங்கே வைக்கோல் போர் வெயிலில் பளபளவென்று நின்றது. முள்ளாயிக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது. நல்ல வழி இல்லை. ஆனாலும் வழி.

"போர் எங்கே முடிஞ்சுது தம்பி? அதோ நிக்குதே! உச்சி குறையாம அப்படியே நிக்குதே!"

"அக்கா! அது வைக்கோல் போர்!"

"நான் எந்தப் போர்னு சொன்னேனா? அந்தப் போர் முடியட்டும். முதல் ஆளா கடலையோட நான் வர்றேன்!"

மொட்டை முதுகுகள் எல்லாம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தன. வரியன் வாயடைத்துப் போனது. அதன் வாழ்க்கையிலேயே அது முதல் முறை.

செய்தியைக் கேட்ட வாலாயுதம் வாலை எத்தனை முறை உதறியது என்று எண்ண முடியவில்லை.

"ஏமாற்றுக்காரர்கள்! நம் கடலையைத் தின்று கொழுத்துவிட்டு நம்மையே கேலி பண்ணுகிறார்களா? தோப்பு வழியை அடையுங்கள்! கடலை வரும்வரை ஒரு முள்ளம்பன்றியும் இந்தப் பக்கம் கால் வைக்கக் கூடாது!"

பாறையிலிருந்து முள்ளம்பன்றிகள் இரை தோண்டப் போகும் கடலைக்காட்டுக்கு ஒரே ஒரு வழிதான். கள்ளிவேலிக்கு நடுவே இருந்த சந்து வழியாகப் புளியந்தோப்புக்குள் நுழைந்து போக வேண்டும். அந்தச் சந்தில் அணில்கள் இலந்தை முள்ளைக் கொண்டுவந்து குவித்தன. முள்ளம்பன்றிக்கே முள்வேலி! வேறு சமயமாக இருந்தால் முள்ளாயி அதை முதுகால் தள்ளிவிட்டு வந்திருக்கும். இப்போது மொட்டை முதுகு. ஒரு முள் பட்டாலும் உயிர் போகும்.

வாலாயுதம் அதோடு நிற்கவில்லை. வரியன் பக்கம் திரும்பியது. "நீதானே பொறுப்பு என்று மார்பைத் தட்டினாய்? மழைக்காலம் ஆரம்பிப்பதற்குள் கடலை வர வேண்டும். வராவிட்டால் உன் பங்கு போயிற்று!"

வரியன் கூட்டுக்கு ஓடியது. அதன் மனைவி பூவாலிக்கு நிறைமாதம். மழைக்காலத்துக்கு வீட்டில் இருப்பது அந்தப் பங்கு ஒன்றுதான். அது போனால் பிறக்கப்போகும் குட்டிகளுக்குப் பால் கொடுக்க பூவாலி எதைத் தின்னும்?

"உங்களை யாருங்க மார்பைத் தட்டச் சொன்னது?" என்றது பூவாலி. அதுவே வரியனுக்குப் போதுமானதாக இருந்தது. கிளையில் உட்கார்ந்து யோசித்து யோசித்து, ஒருநாள் விடியற்காலையில் துள்ளி எழுந்தது.

"தலைவரே! கிடைச்சிருச்சு! அந்தப் போர் முடிஞ்சா கடலை தர்றேன்னு எல்லார் முன்னாலயும் முள்ளாயி சொல்லிருச்சு. வாக்கு மாற முடியாது. அப்போ நாமளே போரை முடிச்சிருவோம்!"

"எப்படி?"

"பிரிச்சு எறிஞ்சிருவோம்! ஒரு வைக்கோல் பாக்கி இல்லாம!"

அணில்கள் ஒரு கணம் திகைத்தன. பிறகு தோப்பே அதிரும்படி கத்தின. "ஆகா! மடக்கிட்டான்யா! வரியன் மடக்கிட்டான்!" வாலாயுதம் வரியனைக் கட்டிப் பிடித்துக்கொண்டது. முள்ளாயியின் முகம் எப்படிப் போகும் என்று ஒவ்வொன்றும் நடித்துக் காட்டியது.

"வைக்கோலைப் பிரிச்சுட்டு கடலையை எங்கங்க வைப்பீங்க?" என்று பூவாலி கேட்டது.

அந்த ஆரவாரத்தில் அது யார் காதிலும் விழவில்லை. விழுந்த ஒன்றிரண்டு அணில்களும், "முதலில் ஜெயிப்போம், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று நகர்ந்துவிட்டன.

அன்றைக்கே வேலை தொடங்கியது. கிழடு, குட்டி என்று பார்க்காமல் எல்லா அணிலும் வைக்கோலைக் கவ்விக்கொண்டு ஓடின. காற்றில் விட்டன, குளத்தில் எறிந்தன, ஆவாரஞ்செடிகளின் மேல் போட்டன. கூடுகள் கலைந்தன. கடலை எல்லாம் வெட்டவெளியில் குவியலாக வந்து விழுந்தது. தம் வீட்டுக் கூரையைத் தாமே பிரிக்கிறோம் என்ற நினைப்பு ஒன்றுக்கும் இல்லை. எல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டு பிரித்தன.

குளத்துக்கு அப்பால் முள்ளம்பன்றிகள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தன.

"அக்கா, அவங்களுக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சா?" என்று கேட்டது சடையன்.

முள்ளாயி கடித்துக்கொண்டிருந்த வேரைக் கீழே போட்டது. தான் விளையாட்டாகச் சொன்ன ஒரு சொல் இப்படிப் போகும் என்று அது கனவிலும் நினைக்கவில்லை.

கடைசி வைக்கோலைப் பிடுங்கி எறிந்ததும் வாலாயுதம் கரையில் நின்று கூவியது. "ஏ முள்ளாயி! போர் முடிந்தது! எடு கடலையை!"

"முடிஞ்சிருச்சா? சரி, வாக்கு வாக்குதான்!" என்று முள்ளாயி திருப்பிக் கூவியது. "பாதையைத் திற! தோண்டிக் கொண்டுவந்து தர்றேன்!"

"கடலையைக் கொடு! பாதையைத் திறக்கிறேன்!"

"பாதையைத் திறந்தாதானே கடலை!"

"கடலை வந்தால்தானே பாதை!"

"பாதை!"

"கடலை!"

இரண்டு பக்கமும் தொண்டை கட்டும்வரை கத்தின. யார் முதலில் விடுவது என்பதுதான் இப்போது பிரச்சினை. அந்தக் கூச்சலில் வடகிழக்கில் வானம் கறுத்ததை யாரும் பார்க்கவில்லை.

மழை கொட்டியது. லேசான மழை இல்லை. வானத்தைக் கிழித்துக்கொண்டு வந்த மழை. அணில்கள் கடலைக் குவியலின் மேல் இலையைப் போட்டன, புளியங்கொப்பைப் போட்டன, கடைசியில் தாங்களே ஏறிப் படுத்துக்கொண்டன. ஒன்றும் பலிக்கவில்லை. பாதிக் கடலை வெள்ளத்தோடு குளத்துக்குப் போனது. மீதி சேற்றில் ஊறியது. சில நாளில் அது பூசணம் பிடித்து நாற ஆரம்பித்தது.

அந்த மழையில்தான் பூவாலி குட்டி போட்டது. மரப்பொந்தில் ஒரு கைப்பிடி இடம், அதிலும் ஒழுகல். கண் திறக்காத மூன்று குட்டிகள் பால் வராத மடியைத் தேடித் தேடிக் கத்தின. பூவாலி வரியனைத் திட்டவில்லை. திட்டக்கூட அதற்குத் தெம்பில்லை. வரியன் அழுதது. தன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து நினைத்து அழுதது.

தலைவரிடம் ஓடியது. வாலாயுதம் ஒரு கிளையில் நனைந்த வாலோடு குந்தியிருந்தது. வாலை உதறப் பார்த்தது, அது ஒட்டிக்கொண்டு உதறவில்லை.

"என் பங்குல ஒரு பிடி கடலை குடுங்க தலைவரே!"

"உன் பங்கா? மழை ஆரம்பித்துவிட்டது. உன் பங்கு போய்விட்டது."

"எல்லார் பங்கும்தானே போயிருச்சு!"

"அது வேறு! சட்டம் சட்டம்தான்!" என்றது வாலாயுதம்.

வரியன் அதற்கு மேல் நிற்கவில்லை. நேரே கள்ளிவேலிச் சந்துக்குப் போனது. இலந்தை முள் குவியலுக்கு அந்தப் பக்கம் முள்ளாயி உட்கார்ந்திருந்தது. உடம்பு பாதியாக இளைத்திருந்தது. மரப்பட்டையைக் கடித்துக் கடித்து வாயெல்லாம் புண்.

வரியனைக் கண்டதும் அது முள்ளுக்குக் கிட்ட நகர்ந்து வந்தது.

"அக்கா, என் பிள்ளைங்களுக்குப் பால் இல்லை," என்றது வரியன். கல்லைக் கரைக்கும் பேச்சு எதுவும் அதற்கு அப்போது வரவில்லை.

முள்ளாயி தலையைக் குனிந்துகொண்டது. "அன்னைக்கே எங்ககிட்ட இல்லைன்னு சொல்லியிருக்கணும் தம்பி. வெட்கமா இருந்துச்சு. அதான் சொல்லைப் புடிச்சுத் தொங்கினேன். நீங்க வீட்டையே பிரிப்பீங்கன்னு நான் கண்டேனா?"

"பிரிக்கச் சொன்னது நான்தான் அக்கா."

"நீயா? உனக்குப் புத்தின்னு ஒண்ணு இருக்குன்னு இல்ல நினைச்சேன்!"

அந்த நிலையிலும் இரண்டுக்கும் லேசாகச் சிரிப்பு வந்தது.

முள்ளாயி முள் இடுக்கில் வாயை வைத்துச் சொன்னது. "கேளு. உங்க தோப்புக்குப் பின்னால கடலைக்காடு இருக்கே, அதுல மண்ணுக்குள்ள எவ்வளவு கடலை கிடக்கு தெரியுமா? செடியைப் பிடுங்கும்போது அறுந்து நின்னதெல்லாம் உள்ளேயே இருக்கு. உங்க நகத்துக்கு எட்டாது. எங்க நகத்துக்கு எட்டும். வெயில்ல மண்ணு கல்லா இருந்துச்சு. இப்போ மழையில இளகியிருக்கும். ஆனா சீக்கிரம் எடுக்கணும். விட்டா எல்லாம் முளைச்சிரும். பாதை மட்டும் இருந்தா உங்க நூறு கொட்டாங்குச்சி என்ன, அதுக்கு மேலயே எடுப்போம்!"

வரியனுக்குத் தலை சுற்றியது. கொடுத்த கடன் அணில்களின் முதுகுக்குப் பின்னாலேயே கிடந்திருக்கிறது. அதை எடுத்துத் தரக்கூடியவர்களை அணில்களே முள் போட்டு வெளியே நிறுத்தியிருக்கின்றன.

அது பல்லால் ஒரு இலந்தைக் கொப்பைக் கவ்வி இழுத்தது. முள் உதட்டைக் கிழித்தது. விடவில்லை.

"நிறுத்து!" என்று மேலிருந்து வாலாயுதம் கத்தியது. "கடன் தீராமல் பாதையைத் திறந்தால் உன்னைத் தோப்பைவிட்டே விலக்கிவிடுவேன்!"

"விலக்குங்க தலைவரே! பங்கை எடுத்தாச்சு. வீட்டை நானே பிரிச்சாச்சு. இன்னும் எங்கிட்ட என்ன இருக்கு, வாலா? அதையும் வேணா எடுத்துக்குங்க!" என்று கத்திவிட்டு அடுத்த கொப்பை இழுத்தது வரியன்.

பொந்திலிருந்து பூவாலி தள்ளாடிக்கொண்டே இறங்கி வந்தது. அதுவும் ஒரு கொப்பைக் கவ்வியது. அதைப் பார்த்து இன்னோர் அணில் வந்தது. பிறகு இன்னொன்று. முள்ளைக் குவித்தபோது இருந்த வேகத்தைவிட இப்போது வேகம் அதிகம். பசிக்கும் வயிறு தலைவர் பேச்சைக் கேட்குமா? வாலாயுதம் கிளையில் தனியாக நின்று, "சட்டம்! சட்டம்!" என்றது. சற்று நேரத்தில் அதையும் விட்டுவிட்டு இறங்கி வந்து, யாரும் பார்க்காத பக்கமாக ஒரு சின்ன முள்ளை எடுத்துப் போட்டது.

வழி திறந்தது. முள்ளம்பன்றிகள் தோப்புக்குள் ஓடி வந்தன. கடலைக்காட்டில் இறங்கி மண்ணைப் பிய்த்து எறிந்தன. இளகிய மண்ணுக்குள்ளிருந்து கடலை கொத்துக் கொத்தாக வந்தது! சடையன் தோண்டிய முதல் பிடியைத் தான் வாயில் போடாமல் பூவாலியின் முன்னால் கொண்டுவந்து வைத்தது.

"தின்னும்மா. இதைக் கணக்குல சேர்க்காதே," என்றது.

பூவாலி தின்றது. அன்று மாலைக்குள் குட்டிகளின் கத்தல் அடங்கியது. மடி நிறைந்த அமைதி. வரியன் அதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தது.

அதன் பிறகு தினமும் தோண்டியதில் பாதியை இரண்டு கூட்டமும் சேர்ந்து தின்றன. மீதியைக் கொட்டாங்குச்சியில் அளந்து கடனுக்குக் கொடுத்தன முள்ளம்பன்றிகள். வைக்க இடமில்லாமல் அணில்கள் முழித்தபோது, "எங்க பாறைக்கடியில ஒரு வளை சும்மா கிடக்கு. சொட்டு ஈரம் இறங்காது," என்றது முள்ளாயி.

"அதற்கு வாடகை எவ்வளவு?" என்று வாலாயுதம் பயந்துகொண்டே கேட்டது.

"தலைவரே, இடம் சும்மா கிடக்குன்னு சொன்னேன். அதையும் ஒரு கடனா ஆக்கிராதீங்க!"

மழை விட்டு வெயில் அடித்த ஒரு நாளில் நூறாவது கொட்டாங்குச்சியையும் முள்ளாயி எல்லோர் முன்னாலும் கொட்டியது. அணில்கள் கைதட்டின. வாலாயுதத்தின் வால் நன்றாகக் காய்ந்திருந்தது. அது மூன்று முறை உதறிவிட்டு எழுந்து நின்றது.

"அசல் வந்துவிட்டது. மகிழ்ச்சி. வரியனின் பங்கைத் திருப்பிக் கொடுக்கிறேன். ஆனால் ஒரு சின்ன விஷயம். வட்டி என்று ஒன்று..."

எல்லா அணிலும் தலையில் அடித்துக்கொண்டன. வரியன் எழுந்து தலைவரின் வாயைப் பொத்தப் போனது. முள்ளாயி, "இரு தம்பி, கேட்டது நியாயம்தான்" என்று தடுத்துவிட்டு, வாலாயுதத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றது. உடம்பை ஓர் உலுக்கு உலுக்கியது. மொட்டையாக இருந்த முதுகில் விரல் நீளத்துக்குப் புது முள் முளைத்திருந்தது. அது சலசலவென்று சத்தம் போட்டது. பக்கத்தில் சடையன் உலுக்கியது. பிறகு கூட்டமே உலுக்கியது. மலைச்சரிவில் எங்கோ ஒளிந்திருந்து பார்த்துக்கொண்டிருந்த இரண்டு செந்நாய்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டு, மூக்கைத் தடவிக்கொண்டு எழுந்து ஓடின.

"வட்டி வளந்துக்கிட்டு இருக்கு தலைவரே!" என்றது முள்ளாயி. "அடுத்த தடவை நாய் வரும்போது மொத்தமா கட்டிடறோம்!"

வாலாயுதம் ஓடும் நாய்களைப் பார்த்தது. தன் கூட்டத்தைப் பார்த்தது. பூவாலியின் மடியில் அன்றைக்குத்தான் கண் திறந்த மூன்று குட்டிகளைப் பார்த்தது. வட்டி என்ற சொல் அதன் வாயிலிருந்து மறுபடியும் வரவே இல்லை.

வாங்கிய கடனைச் சொல்லைப் புரட்டித் தட்டிக்கழிப்பவரும், கொடுத்த கடனை வழியை அடைத்துக்கொண்டு கேட்பவரும் கடைசியில் ஒரே மழையில்தான் நனைய வேண்டியிருக்கும்.